மீதியை பஸ்ஸில் சொல்லு

இன்று காலையும் போன் டிங் என்றது. 'உங்கள் பணி ஒதுக்கீடு புதுப்பிக்கப்பட்டுள்ளது. விவரங்களுக்கு இங்கே தட்டவும்.' தட்டினால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றி முடித்ததும் பாஸ்வேர்ட் கேட்கும். அதையும் கொடுத்தால் ஒரு கட்டம் வரும். அதில் என் பேர் பாதிதான் இருக்கும், மீதிக்கு மூன்று புள்ளி. கருமம் பிடித்த ஆப். கிருமாம்பாக்கம் ஸ்டாப்பில் ஏறுகிற பெண்கள் யாரும் அதைத் தட்டுவதே இல்லை. நேராக எனக்குப் போன் போட்டு, "இன்னாண்ணா, இன்னிக்கி எனக்கு எந்த ஷிப்டு?" என்று கேட்கிறார்கள். நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கட்டத்தில் தேடிச் சொல்கிறேன்.

அப்போதெல்லாம் அவள் ஞாபகம் வருகிறது. 'அப்போதெல்லாம்' என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். போயிருந்தால்தானே வருவதற்கு.

அவள் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அவளைக் கேட்டால், "பேர வெட்டாதப்பா" என்பாள். வெட்டவில்லை. முழுசாக என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

சேதராப்பட்டில் பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொள்கிறவன். எந்த பஸ் எந்த ஊருக்கு, யார் எங்கே ஏறுவது, யார் வரவில்லை, எல்லாம் என் தலையில். அவளுக்கு, ஷிப்டும் வருகையும் பார்க்கிற டைம் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. சோரியாங்குப்பத்தில்தான் பஸ் புறப்படும். முதல் ஆளாக அவள் ஏறுவாள். பாகூர் வழியாகக் கிருமாம்பாக்கம் வரும்போது நான் ஏறுவேன். அங்கிருந்து கடலூர் ரோட்டைப் பிடித்து, வில்லியனூரைச் சுற்றிக்கொண்டு சேதராப்பட்டு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நான் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளும் ஆசைப்பட்டாள். முக்கியமானதை முதல் வரியில் வை என்பது அவள் சட்டம். இதை அவள் படித்தால், மேலே எழுதிய அத்தனையையும் அழித்துவிட்டு இங்கேயிருந்து ஆரம்பிக்கச் சொல்லுவாள். ஆப்பைத் திட்டியதை மட்டும் ஒருவேளை விட்டு வைப்பாள்.

அவள் வேலை என்னவென்று சொன்னால்தான் அவளைச் சொன்ன மாதிரி ஆகும். ஷிப்டு போடுகிற சாப்ட்வேர் ஒரு கோப்பைக் கொடுக்கும். அதைப் பார்த்தால் தலை சுற்றும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, தொட்டதுக்கெல்லாம் மேற்கோள் குறி, கமா, அதற்கு நடுவில் எங்கள் ஜனங்கள் வெறும் நம்பராகவும் குறியீடாகவும் மாட்டிக்கொண்டு கிடப்பார்கள். அவள் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தாள். அது அந்தக் கோப்பைத் தின்றுவிட்டு இந்தப் பக்கம் தமிழில் வரி வரியாகக் கொடுக்கும். 'பாக்கியலட்சுமி, நாளைக்குக் காலை ஷிப்டு. கிருமாம்பாக்கம் ஸ்டாப்பில் அஞ்சே காலுக்கு பஸ்.' அவ்வளவுதான். அந்த வரி அந்தப் பெண்ணின் போனுக்குப் போய்விடும்.

அதற்கு முன்னால் போர்டில் ஒரு பெரிய கட்டம் ஒட்டுவார்கள். பேர் நீளமாக இருந்தால் இடமில்லை என்று வெட்டிவிடும். எங்கள் ஸ்டாப்பில் பாக்கியலட்சுமி ஒருத்தி, பாக்கியவதி ஒருத்தி. போர்டில் இரண்டு பேரும் 'பாக்கிய' தான். ஒருநாள் ஒரே மெஷினுக்கு இரண்டு பேரும் வந்து நின்றார்கள். இன்னொரு நாள், அவளாக இருக்கும் என்று இவளும், இவளாக இருக்கும் என்று அவளும் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினார்கள், மெஷின் சும்மா நின்றது. மேனேஜர் என்னைப் பிடித்துக் கத்தினார். நான் கத்துவதற்கு ஆள் தேடிக்கொண்டு டைம் ஆபீசுக்குப் போனேன். அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "பேப்பர்ல எடம் இல்லன்னு ஒருத்தி பேர வெட்டுவாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நான் என்னவோ கத்தரிக்கோலோடு வந்து நிற்பது போல. அப்படித்தான் பழக்கம் ஆனது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அவளும் முதலில் கட்டம்தான் போட்டாள். எல்லாப் பேரும் முழுசாக, நெடுக நேர்க்கோடாக, அவள் கம்ப்யூட்டரில் பார்த்தால் லட்சணமாக இருந்தது. போனுக்கு அனுப்பினால் குடிகாரன் நடந்த மாதிரி கோணல் மாணல். கம்ப்யூட்டருக்குக் 'கி' என்பது இரண்டு எழுத்தாம், அதனால் இடம் விடுவதில் கணக்கு உதைக்கிறதாம். அதைச் சரிக்கட்ட அவள் ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் பஸ் கிருமாம்பாக்கத்தில் நின்றபோது அவளும் கீழே இறங்கி எங்களோடு நின்றாள். என்ன என்று கேட்டதற்கு, சும்மா பார்க்கிறேன் என்றாள்.

பார்த்தாள். பாக்கியவதி அப்போதுதான் பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். போனில் கட்டம் வந்த சத்தம் கேட்டது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துத் திரையைத் தேய்க்கிறாள், அது திறந்தால்தானே. இதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் திரும்ப பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னாள்: "கட்டம் வேணாம்பா. அது ஆபீஸ்ல ஒக்காந்துனு பாக்கறவங்களுக்கு. இவங்களுக்கு ஆளுக்கு ஒரு வரி போதும். போனைத் தொறக்காமயே மேல தெரியணும்." ஒரு வாரம் உட்கார்ந்து நேராக்கிய கட்டத்தை அன்றைக்கே தூக்கிப் போட்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அதிலிருந்து யார் எதை எழுதச் சொன்னாலும் அவளிடம் அதே கேள்விகள்தான். யாரு படிக்கிறது? எங்க நின்னு படிப்பாங்க? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாதவர்களுக்கு அவள் கீபோர்டைத் தொடமாட்டாள். மேனேஜரே ஒருமுறை பாதியில் எழுந்துபோய், யார் படிப்பார்கள் என்று யோசித்துவிட்டு வந்தார்.

நைட் ஷிப்டில் ஒரு தகராறு வரும். நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டேகாலுக்கு பஸ். சாப்ட்வேர் அதைப் புதன்கிழமை என்று சொல்லும். அது சொல்வது சரிதான், தேதி மாறிவிட்டதே. ஆனால் எங்கள் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது செவ்வாய்க்கிழமைதான். புதன் என்று போட்டால் புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஜம்மென்று வந்து நிற்பான், ஒரு நாள் கழித்து. இப்படி வந்தவனோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அவள் போடவில்லை. "தூங்கி எந்திரிச்சாத்தான் மறுநாள்" என்று சொல்லிவிட்டு, விடியற்காலை வரைக்கும் முந்தின நாள் பேரையே போடும்படி ஸ்கிரிப்ட்டில் மாற்றிவிட்டாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி என்று போகும். தப்பு தேதி கொடுக்கிறாய் என்று ஆபீசில் குதித்தார்கள். பஸ்ஸுக்கு ஆள் சரியாக வந்ததும் அடங்கிவிட்டார்கள்.

என் பேச்சு அவளுக்கு நேர் எதிர். எனக்கு எதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் திருப்தி. மத்தியான ஷிப்டு பஸ்ஸோடு போன நாளில், பஸ் லேட் என்று சொல்ல ஆபீசில் இருக்கிற அவளுக்குப் போன் போடுவேன். பாகூர் தாண்டி ஒரு கரும்பு டிராக்டர், அதில் கயிறு அவிழ்ந்துவிட்டது, கரும்பு ரோட்டில் கொட்டிவிட்டது, டிராக்டர்காரன் யாரென்று பார்த்தால் என் கூடப் படித்தவன், அவன் பெண்டாட்டி இப்போது வில்லியனூரில் டைலர் கடை வைத்திருக்கிறாள், என்று போய்க்கொண்டே இருப்பேன். அந்தப் பக்கம் பேச்சே இருக்காது. நான் மூச்சு வாங்கும்போது சொல்லுவாள்: "பஸ் எத்தினி மணிக்கு வரும்? அத மட்டும் சொல்லு. மீதிய பஸ்ல சொல்லு."

முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். வில்லியனூர் வந்ததும் அவளே கேட்டாள், டைலர் கடை வைத்தவளுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று. ஒன்றும் ஆகவில்லை, கடை நடக்கிறது. ஆனாலும் கிருமாம்பாக்கம் வரைக்கும் சொன்னேன்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவளுக்குப் பக்கத்து சீட்டில் டிபன் பை இருக்கும். நான் ஏறியதும் பை மடிக்குப் போய்விடும். பஸ்ஸில் அவள் யாரோ வேறு மனுஷி. ஆபீசில் ஒரு சொல் அதிகமானால் புருவத்தைத் தூக்குகிறவள், பஸ்ஸில் நான் எருமையில் ஆரம்பித்துச் சித்தப்பா கல்யாணத்துக்குப் போய் மோட்டார் கொட்டகையில் வந்து நின்றாலும் ஜன்னலில் சாய்ந்துகொண்டு கேட்பாள். சிரிப்பு வந்தால் துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்வாள். ஒருநாள் நான் பேசாமல் வந்தேன், பல் வலி. "இன்னா, இன்னிக்கி மீதியே இல்லியா?" என்று கேட்டாள். எனக்கு பல் வலியே போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் அந்த வலியோடு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

டிரைவர் அண்ணனுக்கு எல்லாம் தெரியும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருகிறவர்தானே. ஒருமுறை அவளைச் சீண்டினார், உன் கல்யாணப் பத்திரிகையையும் ஒரே வரியில் அடித்துவிடுவாய் போலிருக்கிறதே என்று. அவள் யோசிக்காமல், ஆமாண்ணா, 'வாங்க' என்று மட்டும் போடுவேன் என்றாள். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் பத்திரிகையில் வேறு யார் பேர் இருக்கும் என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

அவளுடைய இன்னொரு சட்டம், படிக்கிறவர் எதற்குப் பயப்படுவாரோ அதை முதல் வரியில் தீர்த்துவிட வேண்டும் என்பது. இதை ஒரு விபத்தில்தான் பார்த்தேன். மூடி வார்க்கிற மோல்டிங் பக்கம் ஒருவருக்கு விரல் மெஷினில் மாட்டிக்கொண்டது. அவர் வீட்டுக்காரிக்குச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. நான் போனை எடுத்து, ஒன்றும் பயப்படாதே அம்மா, காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, சாப்பிட்டுவிட்டு வந்து மெஷினை ஆன் பண்ணினார், அப்போது பார்த்து, என்று என் வழக்கப்படி ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் ஓலம். அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "உயிரோட நல்லா இருக்காரு. விரல்ல அடி. பேசிக்கினு இருக்காரு. நீங்க கெளம்பி வாங்க, வண்டி வருது." ஓலம் நின்றது. அழுகை மட்டும் இருந்தது. அதன் பிறகு அவள் சாப்பிடாமலே டிபன் பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மற்றவர்கள் பயத்தை முதல் வரியில் தீர்க்கிறவளுக்கு, தன் பயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அவள் வீடு சோரியாங்குப்பத்தில் மாதாகோயில் தெரு. அவள் அம்மா எங்கள் பக்கத்துக் கழனிகளுக்கெல்லாம் நாற்று நட வந்தவர். எங்கள் கழனிக்கும் வந்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பின்கட்டு வழியாக, தனி டம்ளரில் காபி கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதும் இல்லை.

கம்பெனி கை மாறியது. புது ஆட்கள் ஆப் ஒன்றை வாங்கினார்கள். இனிமேல் எல்லாம் அதுவே செய்யும், டைம் ஆபீசில் ஆள் வேண்டாம் என்றார்கள். அவளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது, அவள் அக்கா அங்கேதான் இருந்தாள். இதை அவள் எனக்குச் சொன்னபோது நான்கு வாக்கியம்தான் சொன்னாள். இங்கே வேலை போச்சு. ஓசூரில் வேலை இருக்கு. உங்க வீட்டில் சொல்ல முடியும் என்றால் நான் இருக்கிறேன், இல்லை என்றால் போகிறேன். திங்கட்கிழமைக்குள் சொல்லு. நான் வழக்கம்போல எங்கேயோ ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டினாள். அன்றைக்குப் பஸ்ஸில் மீதியும் கேட்கவில்லை.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வைத்தால் நெஞ்சு தாங்காது. அவள் ஓசூர் போய்விட்டாள். நம்பரும் மாறிவிட்டது. அவள் போன பிறகு நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எருமையில் ஆரம்பித்துத்தான். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, "நம்ம கயனியில நாத்து நட்டவ பொண்ணா?" என்று ஒரே வரியில் கேட்டாள். யாருக்கும் புரிகிற வரி. அதற்குப் பிறகு என் கல்யாணப் பேச்சை அம்மா எடுத்தால் நான் எழுந்து கழனிக்குப் போய்விடுகிறேன். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் புரிகிற மாதிரி எழுதுகிறவள் இவள். எங்கள் வீட்டுக்கும் இவளால்தான் எழுத முடியும் என்று எனக்குப் பட்டது. அதைவிட நல்ல யோசனை எதுவும் எனக்கு வரவில்லை.

"எங்கம்மாவுக்கு எப்பிடிச் சொல்றதுன்னு நீயே எழுதிக் குடு," என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், டைம் ஆபீசில் வேலை வந்தால் உட்காருகிற மாதிரியே.

"யாரு படிக்கிறது?"

"அம்மாவுக்குப் படிக்க வராது. நான் சொல்லணும், அவங்க கேக்கணும்."

"எங்க நின்னு கேப்பாங்க?"

"அடுப்பாண்ட."

"மொதல்ல எதுக்குப் பயப்படுவாங்க?"

நான் குனிந்து அவள் போனைப் பார்த்தேன். என்னவோ டைப் அடித்தாள். அழித்தாள். இன்னொன்று அடித்தாள், அதையும் அழித்தாள். வில்லியனூர் போய் கடலூர் ரோடு வந்துவிட்டது. அவள் ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. கட்டம் கோணலாகப் போன அந்த வாரத்தில்கூட முகம் இப்படி இல்லை. ஒருவேளை எழுதிவிடுவாள் என்று நான் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியமாக நம்பினேன்.

கடைசியில் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"மொத வரியில பயம் போவணும். அவங்க பயமே நான்தான்பா. என்னயே எடுத்துட்டு எப்பிடி எழுதறது?"

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அம்மாவைப் பற்றி ஆரம்பித்தேன், பாதியில் எங்கள் அக்காவுக்குச் செய்த சீர் வந்தது, கழனி வந்தது, பாக்கியவதியின் ஈரக்கையை அவள் ஸ்டாப்பில் இறங்கி நின்று பார்த்த காலை வந்தது, டிபன் பை, பல் வலி, ஓசூரில் குளிரும் என்பது, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது. எனக்கே புரியவில்லை. நிறுத்திவிட்டு, ஒன்றும் விளங்காத மாதிரி உளறுகிறேன் இல்லையா என்று கேட்டேன்.

"உங்கம்மாவுக்கு எழுதத்தான் எனக்கு வரல. எனக்குன்னா இப்பிடியே போதும். மீதியச் சொல்லு," என்றாள்.

கிருமாம்பாக்கம் வந்தது. எங்கள் ஸ்டாப்பு ஆட்கள் எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பாகூர் தாண்டி, சோரியாங்குப்பம் போய்ச் சேரும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் ஜன்னலில் சாய்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் என்னதான் சொல்ல வருகிறாய் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை.